கனவின் எலும்புகள்: ஓதிலோன் ரெதோன் வரைந்த உலகம்

ஓர் ஓவியருக்கு உருவங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று கேட்டால் மூன்று ஊற்றுகளைச் சுட்டுவது வழக்கம்: கண்ணெதிரே விரியும் இயற்கை, அந்த இயற்கையை ஆராய்ந்து அறிவியல் சொல்லும் செய்தி, உறக்கத்தில் வந்துபோகும் கனவு. இவை மூன்றும் தனித்தனி வாய்க்கால்களாக ஓடுவதாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. மரத்தடியில் அமர்ந்து வரைபவர் ஒரு வகை; கனவை வரைபவர் வேறொரு வகை. கண்டதை வரையக் கை பழக வேண்டும், கனவை வரைய அந்தப் பழக்கம் தேவையில்லை என்ற நம்பிக்கையும் இதன் கூடவே வருகிறது. அந்த நம்பிக்கை தவறானது என்பதே இந்தச் சொற்பொழிவில் நான் முன்வைக்கும் வாதம். அதற்காக ஒரே ஓவியரை எடுத்துக்கொள்கிறேன். 1840இல் பிரான்சின் போர்தோ நகரில் பிறந்து 1916இல் பாரிசில் மறைந்த ஓதிலோன் ரெதோன் அவர். வானில் ஏறும் கண், சிரிக்கும் சிலந்தி, மனித முகத்தோடு பூத்த சதுப்புநிலச் செடி ஆகியவற்றை வரைந்தவர். கனவு ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவராக மதிக்கப்படுபவர். கனவே எல்லாம் என்று வாதிடுவோருக்கு இவரைவிட வலுவான சாட்சி கிடைப்பது அரிது. அந்தச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம்.

ரெதோன் குழந்தையாக இருந்தபோதே, மெதோக் பகுதியில் குடும்பத்துக்குச் சொந்தமான பேய்ரலபாத் பண்ணைக்கு அனுப்பப்பட்டு உறவினர் ஒருவரின் பொறுப்பில் வளர்ந்தார். திராட்சைத் தோட்டமும் தரிசும் சதுப்புமாக நீளும் தட்டையான நிலம் அது. அந்த நிலமும் அங்கே அவர் அனுபவித்த தனிமையும் அவரை என்ன செய்தன என்பதற்குப் பிறகு வருகிறேன். இப்போது நாம் கவனிக்க வேண்டியவர், இளமையில் அவருக்கு நண்பராக வாய்த்த அர்மான் கிளவோ. ரெதோனைவிட ஏறத்தாழப் பன்னிரண்டு வயது மூத்தவர், போர்தோவின் தாவரவியலாளர், கிரோந்து மாவட்டத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர். எட்கர் ஆலன் போவையும் போத்லேரையும் ஃப்ளோபேரையும் ரெதோனுக்கு அறிமுகப்படுத்தியவரும், இந்தியக் காவியங்களைப் பற்றி அவரிடம் வியந்து பேசியவரும் இவரே. ஆனால் தம் நாட்குறிப்பில் கிளவோவை நினைவுகூரும் ரெதோன் ஆழ்ந்து விவரிப்பது வேறொன்றை. கண்ணுக்குப் புலப்படாத உலகின் விளிம்பில், தாவரத்துக்கும் விலங்குக்கும் இடைப்பட்ட ஓர் உயிர்நிலையைக் கிளவோ தேடிக்கொண்டிருந்தார். நாளில் சில மணி நேரம் மட்டும், அதுவும் வெளிச்சம் பட்டால் மட்டும், விலங்காக இயங்கும் ஏதோ ஒன்று. இருபது வயதை ஒட்டிய ஓவியர் ஒருவரின் காதில் இது விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கவிஞர் ஒருவர் கற்பனையாகச் சொன்ன செய்தி அன்று இது; செடிகளை அடையாளம் காண்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் ஆய்வுப் பொருளாகச் சொன்னது.

கிளவோ தேடியது அவருடைய தனிப்பட்ட மயக்கமும் அன்று. ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரான்ஸ் உங்கர் 1843இல் வெளியிட்ட ஒரு நூலின் தலைப்பே, தாவரம் விலங்காகும் தருணம் என்று பொருள்படுவது. வோஷேரியா என்ற பாசியின் இழை நுனி தடித்து, பிளந்து, அதிலிருந்து ஒரு பச்சை உருண்டை வெளியேறுகிறது. மயிர் போன்ற நுண்ணிழைகளை அசைத்து நீரில் நீந்துகிறது. சற்று நேரத்தில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, அசைவை விட்டு, மறுபடி இழையாக வளர்கிறது. சற்று முன் நீந்தியது விலங்கா, இப்போது வளர்வது செடியா? டார்வினின் உயிரினத் தோற்றம் 1859இல் வந்தது. 1862இல் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றிய அவருடைய நூல் 1875இல் வந்தது. ஓரறிவுயிர் தொடங்கி ஆறறிவுயிர் வரை உயிர்களைப் படிவைத்துக் காட்டும் தொல்காப்பியத்தைப் படித்து வளர்ந்த நமக்கு அந்தக் காலத்தின் அதிர்ச்சி சட்டென்று விளங்கும். படிகள் இருந்தன, ஆனால் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையிலிருந்த சுவர் கரைந்துகொண்டிருந்தது.

1883இல் ரெதோன் வெளியிட்ட ‘தோற்றங்கள்’ என்ற கல்லச்சுத் தொகுப்பு இந்தக் கரைதலின் ஓவியம். மொத்தம் எட்டுப் படங்கள். கரையோரம் மிதக்கும் உருக்குலைந்த நீர்வாழ் உயிர் ஒன்று, ஒற்றைக் கண்ணோடு இளிக்கிறது. ஒரு தண்டின் உச்சியில், பூ இருக்க வேண்டிய இடத்தில், கண் ஒன்று திறந்திருக்கிறது. பார்வை என்பதே முதன்முதலில் ஒரு பூவில்தான் முயன்று பார்க்கப்பட்டதோ என்று அதன் தலைப்பு ஐயத்தோடு கேட்கிறது. பறக்க இயலாத சிறகோடு தவிக்கும் ஒரு விலங்கும் உண்டு. இறுதியில் மனிதன் மண்ணிலிருந்து எழுகிறான். புராண உருவங்களைப் புதிய உடையில் காட்டும் தொகுப்பு என்று இதைச் சொல்லிவிட முடியாது. கண் பூத்த படத்தின் தலைப்பில் உள்ள ஐயச்சொல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இயற்கை பல வழிகளை முயன்று பார்க்கிறது, பல முயற்சிகள் தோற்றுப்போகின்றன, தோற்றவற்றுக்கும் ஓர் உடல் இருந்தது என்ற எண்ணம் டார்வினுக்குப் பிந்திய காலத்தில்தான் ஓர் ஓவியத் தொகுப்பின் முதுகெலும்பாக முடியும். கனவில் மட்டும் வாழ்ந்த ஒருவருக்குத் தோல்வியுற்ற சிறகின் மேல் இத்தனை பரிவு வந்திருக்காது. கனவில் எல்லாச் சிறகும் பறக்கும்.

என் வாதத்தின் நடுத்தூண் பிறழ்பிறவிகளைப் பற்றிய பிரெஞ்சு அறிவியல். இரட்டைத் தலை, ஒற்றைக் கண், கூடுதல் கைகால் எனப் பிறந்த உடல்களை நூற்றாண்டுகளாக மனிதர்கள் சாபமாகவும் தீக்குறியாகவும் பார்த்தார்கள். எத்தியேன் ழோஃப்ருவா சேந்-இலேரும் அவர் மகன் இசிதோரும் இந்தப் பார்வையைப் புரட்டிப்போட்டார்கள். இசிதோர் 1832 முதல் 1837 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூல், பிறழ்பிறவிகளை வகைப்படுத்திப் பெயரிட்டு, இவற்றில் ஒழுங்கின்மை இல்லை, வேறோர் ஒழுங்குதான் இருக்கிறது என்று காட்டியது. கண்கள் இரண்டும் நடுவில் ஒன்றாகும்போது மூக்கு எங்கே ஒதுங்கும் என்பதற்குக்கூட ஓர் ஒழுங்கு இருந்தது. அவ்வகைப் பிறவிகளுக்குக் கிரேக்கக் கதையின் ஒற்றைக் கண் அரக்கன் பெயரே அறிவியல் பெயராயிற்று. கமீய் தாரெஸ்த் இன்னொரு படி முன்னே சென்றார். அடைகாக்கும் கோழிமுட்டைகளின் சூழலை மாற்றி, பிறழ்ந்த கருக்களைத் தாமே உண்டாக்கிக் காட்டி, 1877இல் அதை நூலாக்கினார். அதாவது ரெதோன் தம் அரக்கர்களை வரையத் தொடங்கிய அதே ஆண்டுகளில், அரக்கனுக்கும் இலக்கணம் உண்டு என்பது பிரான்சில் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டுக்கொண்டிருந்தது. இந்த நூல்களை ரெதோன் வாங்கிப் படித்தார் என்பதன்று என் கூற்று. அந்த எண்ணம் அவர் காலத்தின் காற்றில் இருந்தது. அவருடைய கோடுகளில் அது தெரிகிறது.

எப்படித் தெரிகிறது? 1878ஆம் ஆண்டைச் சேர்ந்த கரி ஓவியத்திலும் 1882இல் போவுக்குக் காணிக்கையாக வந்த கல்லச்சுத் தொகுப்பிலும் இடம்பெறும் பறக்கும் கண்ணைப் பாருங்கள். கண்ணே பலூன். இமைமயிர் இருக்கிறது; விழி மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது; கீழே கயிறுகள் தொங்குகின்றன; கூடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டு, அதன்மேல் ஒரு தலை. அடியில் நீர்ப்பரப்பும் சதுப்புச் செடியும். இது வெறும் மனத்தோற்றமானால் கயிறு எதற்கு, சுமை எதற்கு? 1870-71இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது நகரிலிருந்து தபால் வெளியேறியது பலூன்களில்தான். 1878 உலகக் கண்காட்சியின்போது ஆன்ரி ழிஃபார் அமைத்த மாபெரும் கட்டுப்பலூன் பாரிசின் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பலூன் எப்படித் தொங்கும், சுமை எப்படி இழுக்கும் என்பது அன்றைய பாரிஸ்வாசி ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த இழுவிசையை ரெதோன் படத்தில் மாற்றவே இல்லை. உருண்டை வடிவம், கட்டு, சுமை எல்லாம் உண்மை. மாறியிருப்பது ஒன்றே ஒன்று, பலூனின் இடத்தில் கண். ஆகவேதான் அது ஏறுகிறது என்று நம் உடல் நம்புகிறது.

இங்கே ஒரு தடை எழும். 1881இல் அவர் வரைந்த சிரிக்கும் சிலந்திக்குக் கால்கள் பத்து. சிலந்திக்கு எட்டுக்கால் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தமிழில் அதற்கு எட்டுக்கால் பூச்சி என்றே பெயர். இயற்கையை இவ்வளவு மதித்தவர் கால்களை எண்ணவில்லையா? நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பத்துக் கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒவ்வொரு காலும் மடிய வேண்டிய இடத்தில் மடிகிறது, மெலிய வேண்டிய இடத்தில் மெலிகிறது, மயிரடர்ந்த உருண்டை உடலின் எடையைத் தாங்கி நிற்கிறது. எண்ணிக்கையை அவர் மீறினார், மூட்டை மீறவில்லை. கூடுதல் உறுப்போடு பிறந்த உயிரில்கூட அந்தக் கூடுதல் உறுப்பு உடலின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டே வளரும் என்று பிறழ்பிறவி ஆய்வு சொன்னதும் இதுதான். அதுமட்டுமன்று, ரெதோன் தம் வேலைமுறையைப் பற்றித் தாமே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு கூழாங்கல்லையோ புல்லின் தாளையோ ஒரு கையையோ அணுவணுவாகப் பார்த்து வரைந்து முடித்த பிறகுதான் உள்ளே ஒரு கொதிப்பு எழும், அப்போதுதான் கற்பனை உருவங்களை வரைய மனம் துடிக்கும் என்கிறார். ஐயமானதன் பக்கத்தில் உறுதியான ஒன்றை வை என்று இயற்கைக்காட்சி ஓவியர் கோரோ தமக்குக் கூறிய அறிவுரையையும் அவர் பதிந்துவைத்திருக்கிறார். பாரிசில் ழெரோமின் ஓவியக்கூடத்தில் சேர்ந்து கசப்போடு வெளியேறியவர், கோரோவின் இந்த ஒரு வரியைக் கடைசிவரை விடவில்லை.

இதைவிடக் கடுமையான தடை ரெதோனிடமிருந்தே வருகிறது. அவருடைய அரக்கர்கள் நுண்ணோக்கியில் கண்ட உயிர்களின் பெரிதாக்கப்பட்ட உருவங்களோ என்று அவர் காலத்தில் சிலர் எழுதினார்கள். அதை அவர் மறுத்தார். வாதம் இங்கே உடைந்துபோவதாகத் தோன்றலாம். மறுப்பை முழுதாகப் படித்தால் அப்படி இல்லை. நுண்ணோக்கியைப் பார்த்து வரையவில்லை என்பதோடு அவர் நிறுத்தவில்லை. அவ்வுருவங்களைப் படைக்கும்போது அவற்றின் உடலமைப்பை ஒழுங்குபடுத்துவதே தமக்குப் பெரிய கவலையாக இருந்தது என்றும் சொல்கிறார். என்னைப் பொறுத்தவரை, இது மறுப்பைவிட ஒப்புதலுக்கே நெருக்கமானது. கண்ணாடித் துண்டில் கண்டதைப் படியெடுப்பது அறிவியலிடம் வாங்கும் கடன்களிலேயே மிக மலிவானது. அந்தக் கடனை அவர் வாங்கவில்லை. ஓர் உயிர் நிற்கவும் நீந்தவும் அதன் உறுப்புகள் எவ்வாறு ஒன்றையொன்று பற்றியிருக்க வேண்டும் என்ற அறிவை வாங்கிக்கொண்டார். அறிவியலிலிருந்து ஊக்கம் பெற்ற ஓவியர் என்று ஒருவரைப் பாராட்டும்போது நாம் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. அணுவையும் விண்மீன் மண்டலத்தையும் படத்தில் ஒட்டிவைப்பதையே பெரிய செயலாக எண்ணுகிறோம்.

இனிக் கனவு. ரெதோனின் முதல் கல்லச்சுத் தொகுப்பின் பெயரே ‘கனவில்’. 1879இல் பத்துப் படங்களோடு வெளிவந்தது. ஃபிராய்டின் கனவு விளக்க நூல் வெளிவர அப்போது இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. ஆகவே ஃபிராய்டின் கண்ணாடியை அணிந்து இப்படங்களைப் பார்ப்பது காலக்குழப்பம். ஆனால் கனவு அன்றைய பிரான்சில் ஆய்வுப் பொருளாக இல்லாமல் இல்லை. அல்ஃபிரெத் மோரி 1861இல் உறக்கத்தையும் கனவையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தாம் உறங்கும்போது பிறரைக்கொண்டு மூக்கருகே நறுமணம் காட்டச் செய்து, உதட்டை வருடச் செய்து, எழுந்ததும் கண்ட கனவைக் குறித்தார். கட்டிலின் ஒரு பகுதி கழுத்தில் விழுந்த நொடியில், தம் தலையை வெட்டும் கத்தி விழுவதாக அவர் கண்ட கனவு பெரும்புகழ் பெற்றது. எர்வே த சேந்-தெனி 1867இல் வெளியிட்ட நூலில், கனவில் வரும் உருவங்கள் எல்லாம் விழித்திருக்கும்போது நினைவு சேமித்தவையே, கனவு அவற்றைப் புதிதாகப் பின்னுகிறது என்று வாதிட்டார். இவ்விருவரும் பல இடங்களில் முரண்பட்டவர்கள். எனினும் ஒன்றில் இருவர் முடிவும் ஒத்துப்போகிறது: கனவு வெறுங்கையோடு வருவதில்லை. அது பண்டங்களைத் தருவதில்லை, பண்டங்களைச் சேர்க்கும் உரிமையை மட்டும் தருகிறது. பூவையும் கண்ணையும் ஒன்றாக்கலாமா என்று விழித்திருக்கும் மனம் தயங்கும், கனவு தயங்காது. ஆனால் பூவின் தண்டு எந்தக் கோணத்தில் தலையைத் தாங்கும் என்று கனவுக்குத் தெரியாது. அதைப் பகலில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும், ஊற்று இயற்கையிலோ அறிவியலிலோ இல்லை, தாயைப் பிரிந்து வளர்ந்த குழந்தையின் காயத்தில்தான் இருக்கிறது என்று வாழ்க்கை வரலாற்று வழியில் வாதிடுவோர் உண்டு. அவர்கள் காட்டும் சான்று வலுவானது. பேய்ரலபாத் பண்ணை 1897இல் விற்கப்பட்டது. அதை ஒட்டியே ரெதோன் தம் கறுப்பு ஓவியங்களைக் கைவிட்டு வண்ணத்துக்குள் நுழைந்தார். நிலம் போனது, துயரமும் போனது என்பது அவர்கள் கணக்கு. தனிமை அவருடைய கறுப்புக்கு ஆழம் தந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கரித்தூளைத் தேய்த்தும் துடைத்தும் அவர் கொண்டுவந்த இருளில் அந்தச் சதுப்புநிலத்து அந்தி இருக்கிறது. ஆனால் துயரம் ஓவியத்தின் நிறத்தை விளக்கும், வடிவத்தை விளக்காது. துயரப்பட்ட குழந்தைகள் எல்லா ஊரிலும் உண்டு. பூத்தண்டில் கண்ணை வைத்துப் பார்த்தவர் ஒருவரே. கணக்கும் முழுதாகச் சரியில்லை. ‘மூடிய கண்கள்’ என்ற வண்ண ஓவியம் 1890ஐச் சேர்ந்தது. பண்ணை விற்க அப்போது ஏழு ஆண்டுகள் இருந்தன. கறுப்பு போன பிறகும் உருவங்கள் போகவில்லை. நெதர்லாந்தின் ஓட்டர்லோவில் உள்ள குரோலர்-மியூலர் அருங்காட்சியகத்தில் ஒற்றைக் கண் அரக்கன் ஓவியம் ஒன்று இருக்கிறது. 1914 வாக்கில் வரையப்பட்டது. பூக்கள் பூத்துக் குலுங்கும் மலைச்சரிவில் ஒரு பெண் உறங்க, மலைக்குப் பின்னாலிருந்து அரக்கன் எட்டிப் பார்க்கிறான். அச்சமூட்ட வேண்டிய அந்த ஒற்றைக் கண் ஈரமாக, கூச்சத்தோடு பார்க்கிறது. ‘தோற்றங்கள்’ தொகுப்பில் கரையோரம் மிதந்த அதே உயிர் முப்பது ஆண்டுகளில் வளர்ந்து, காதலிக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறது. துயரம் வடிந்த பிறகும் நின்றது அந்த உடலமைப்பு. ஊற்று எது என்பதற்கு இதுவே என் சான்று.

ஒரே ஓவியரைக்கொண்டு இவ்வளவு சொல்லலாமா என்றால், அவருக்குப் பின் வந்தவர்களும் துணைக்கு வருகிறார்கள். மாக்ஸ் ஏர்ன்ஸ்ட் 1925இல் தேய்ந்த மரப்பலகைத் தரையின் மேல் தாளை வைத்துத் தேய்த்து, மரத்தின் வரியிலிருந்தே தம் கனவுக் காடுகளை எழுப்பினார். மறு ஆண்டு வெளிவந்த அந்தத் தொகுப்புக்கு இயற்கை வரலாறு என்றே பெயர் வைத்தார். தாலி 1931இல் வரைந்த உருகும் கடிகாரங்களுக்குப் பின்னால் நிற்பவை அவருடைய சொந்த ஊர்ப்பக்கத்துக் கடலோரப் பாறைகள். அவை சிறிதும் உருகவில்லை. இந்தப் பட்டியலை நீட்ட விரும்பவில்லை.

கிளவோ 1890இல் இறந்தார். அடுத்த ஆண்டு, அவர் நினைவுக்குக் காணிக்கையாக, ‘கனவுகள்’ என்ற பெயரில் ஆறு கல்லச்சுப் படங்களை ரெதோன் வெளியிட்டார். ஒரு தாவரவியலாளருக்குச் செய்யும் அஞ்சலிக்குக் கனவு என்று பெயரிட்டதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. ஆறாவது படத்தின் பெயர் ‘பகல்’. இருண்ட ஓர் அறைக்குள்ளிருந்து பார்க்கிறோம். எதிரே ஒரு சாளரம். கம்பிகளுக்கு அப்பால் நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு மரம், எவரும் பார்த்து வரையக்கூடிய சாதாரண மரம், கிளையும் இலையுமாக நிற்கிறது. அறைக்குள் ஆளில்லை. ஆனால் சாளரத்துக்கு இப்பால், இருட்டில், சின்னஞ்சிறு வட்ட உருவங்கள் மிதந்துகொண்டிருக்கின்றன. உயிரணுக்கள்போல, விதைகள்போல, இன்னும் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யாதவைபோல.